பொறுப்பாளர்

குடித்திருப்பவருக்கு மெட்ரோ கதவு திறக்க வேண்டுமென்றால், அவருடைய பொறுப்பாளர் போனில் சம்மதம் தர வேண்டும். இருதயராஜின் பயண அட்டையில் பொறுப்பாளராக அமலியின் பெயர்தான் இருந்தது. விவாகரத்தாகி நான்கு வருடமாகியும் அவன் மாற்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் கூப்பிட்டான்.

"நாளைக்கு மத்தியானம் ஆபீஸ்காரங்களோட நாலு பாருக்குப் போறோம். எக்மோர், திருமங்கலம், வடபழனி, கடைசியா ஈக்காட்டுத்தாங்கல். நாலு தடவை உனக்கு மெசேஜ் வரும்."

"எக்மோர்ல இறங்கினதும் முதல்ல சாப்பிட்டுடு. வெறும் வயித்துல குடிக்காத."

"சரி."

சனிக்கிழமை அவள் லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். மெசேஜ் வரும்போதெல்லாம் கையுறையைக் கழற்றிவிட்டுச் சம்மதத்தை அழுத்தினாள். மூன்று வந்தன. நான்காவது வரவில்லை. ஆறு மணிக்கு அவளே அழைத்தாள்.

"இன்னும் ஈக்காட்டுத்தாங்கல்லதான் இருக்கியா?"

"வீட்டுக்கு வந்துட்டேன் அமலி. கடைசி பார்ல, கூட வேலை செய்யற ஷைலஜா தன் பேரைப் போட்டுக்கச் சொன்னாங்க. மாத்திட்டேன். இனிமே உனக்குத் தொந்தரவு இருக்காது."

"நல்லது."

"கோவமா?"

"இல்ல."

உண்மையிலேயே கோபம் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை. அவள் புதிய கையுறை மாட்டிக்கொண்டு, காத்திருந்த பெரியவரை உள்ளே அழைத்தாள். இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. பதினோரு வருட வேலையில் அவளுக்கு அப்படி ஆனதே இல்லை.

"பரவால்லம்மா, மெதுவாப் பாருங்க," என்றார் பெரியவர்.