கை தட்டும் பாட்டு

வெளிநாட்டு விருந்தாளிகள் வரும் கரோக்கே விழாவுக்கு மேனேஜர் ரகோத்தமனே இங்கிலீஷ் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார். எல்லாமே பல்லவி வந்ததும் கூட்டமாகக் கை தட்டவேண்டிய பாட்டுகள். "அப்பத்தான்யா களை கட்டும். சாப்பாட்டு நேரத்துல தட்டிப் பழகுங்க" என்றார். பிரஸ் மெஷினில் தகடு அடிக்கும் நாங்கள் பழகினோம். இருளப்பன் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தான். போன வருஷம் உற்பத்தி கூடட்டும் என்று, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் தடுப்பைக் கழற்றச் சொன்னது இதே ரகோத்தமன்தான். அந்த வாரமே இருளப்பனின் இடது கை மணிக்கட்டோடு போனது.

விழாவில் அவர் அவனிடம் குனிந்தார். "நீ பின்னாடி போயிரு இருளப்பா. அவங்க பார்த்தா நல்லாருக்காது."

"கை போனப்ப நல்லாருந்துச்சா சார்?"

மேடையேறி மைக்கைப் பிடுங்கினான். திரையில் வரிகள் ஓடின. பல்லவி வந்ததும் மைக்கால் தன் மொட்டைக் கையில் ஓங்கி அடித்தான். டொம். கொஞ்சம் இடைவெளி. டொம். பிரஸ் இறங்குகிற அதே கணக்கு. முன்வரிசை வெள்ளைக்காரர்கள் தலையாட்டி ரசித்தார்கள். எங்கள் கால்கள் தரையில் அதைத் தாமாகவே பிடித்துக்கொண்டன.

"பாட்டை நிறுத்துய்யா!" என்று கத்தினார் ரகோத்தமன்.

பாட்டை நிறுத்தினார்கள்.

டொம்.