பரங்கிப் பிஞ்சு கேட்ட கல்

தோட்டத்துப் பரங்கிக்காய்க்கு ஒரு வழக்கம். யாராவது பக்கத்தில் வந்தால் வயிற்றை எக்கிக்கொண்டு, பெரிய இலையாகப் பார்த்து அடியில் புகுந்துகொள்வாள். "என்னைப் பாக்காதீங்க, நான் ஒரு அண்டா" என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். பிறர் சிரிக்குமுன் தானே சிரித்துவிட்டால் அவ்வளவாக வலிக்காது என்று நினைப்பு.

பந்தலில் தொங்கிய அவள் மகள், எலுமிச்சை அளவுப் பிஞ்சு, ஒருநாள் பக்கத்துப் புடலங்காயிடம் கெஞ்சியது. "சித்தி, நீ நேரா வளர உன் வால்ல கல்லு கட்டியிருக்காங்களே, அதை எனக்குக் குடேன். நானும் ஒல்லியாகணும்."

பரங்கிக்கு உயிரே போய்விட்டது. "அடிப்பாவி! உன் காம்பு நூல் மாதிரி இருக்கு. கல்லைக் கட்டினா அறுந்து விழுந்துடுவே. யாருடி உன்னைக் குண்டுன்னு சொன்னது? அந்த ஒல்லி வெண்டைக்காயா?"

"யாரும் சொல்லலை. நீதான் தினமும் சொல்றே, 'பாவம், இவளும் என்னை மாதிரிதான் வருவா'ன்னு."

பரங்கி வெண்டைக்காயை விட்டுவிட்டாள். மெல்ல இலையை விலக்கி நடு வெயிலுக்கு வந்து, எக்கி வைத்திருந்த வயிற்றை விட்டாள்.

"நல்லாப் பாத்துக்கோ. இதுதான் நான். சுகமாத்தான் இருக்கு."

பிஞ்சு உற்றுப் பார்த்தது. "எப்பவும் போலத்தானேம்மா இருக்கே?"

"அப்போ இத்தனை நாள் நான் மூச்சைப் பிடிச்சது யாருக்குமே தெரியலையா?"

புடலங்காய் சிரித்த சிரிப்பில் கல் ஊஞ்சலாடியது. பிஞ்சும் சேர்ந்து சிரித்தது.

"சித்தி, கல்லை நீயே வச்சுக்கோ."