கரடியின் குரல்

பர்பேங்க் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து லோரீன் அலுத்துப்போய் வீடு திரும்பினாள். கணவன் டெல்பர்ட் டிவி முன் உட்கார்ந்திருந்தான். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவனால் கிசுகிசுக்க மட்டுமே முடிந்தது. அவன் பல வருடம் குரல் கொடுத்த கார்ட்டூன் கரடி திரையில் சிரித்துக்கொண்டிருந்தது.

“பழைய படத்தையேதான் போடறாங்க. நீ திரும்பி வர்ற வரைக்கும் வேற ஆள் கிடையாதாம்” என்றாள் லோரீன்.

“உன் தொண்டை ஏன் இப்படிக் கட்டியிருக்கு?”

“நாள் பூரா போன்ல கத்தறேனே!”

டெல்பர்ட் வெந்நீரில் தேன் கலந்து நீட்டினான்.

“குடி. கரடி குரல்ல சிரிக்கறப்போ வயித்துலேர்ந்து மூச்சு விடு. நீ தொண்டையாலயே சிரிக்கற, அதான் புண்ணாகுது.”

லோரீன் திகைத்தாள். “எப்போ கண்டுபிடிச்சே?”

“முதல் வாரமே. பொண்டாட்டி குரல் தெரியாதா எனக்கு?”