வீட்டில் ஓடாத ரேடியோ

ஸ்டுடியோக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, அறிவிப்பாளர் அந்தப் பெண்ணின் குரலை நான்காவது முறையாகக் கேட்டார். காதில் ஹெட்போன், நெற்றியில் வியர்வை. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒளிந்து கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

எல்லாம் காலையில் புது மேலாளர் ஆரம்பித்துவைத்தது. அவளுக்கு அவருடைய மகள் வயது.

"சார், உங்க காலை நிகழ்ச்சியைக் கேக்குறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மூட்டுவலி. இளவட்டமெல்லாம் பாட்காஸ்ட் பக்கம் போயாச்சு. இதைக் கேளுங்க, 'வீட்டில் ஓடாத ரேடியோ'. யாரோ ஒரு அம்மா, தன் குரலை மாத்திப் பேசுறாங்க. லட்சம் பேர் கேக்குறாங்க, அத்தனையும் காலேஜ் பசங்க."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணணும்?"

"எப்படியாவது கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை உங்ககூட உக்காந்து பேசட்டும். இல்லேன்னா உங்க நிகழ்ச்சியை நிறுத்திடச் சொல்லி மேலிடத்துல சொல்றாங்க சார்."

அந்த நேரம் பார்த்து அவருடைய கைபேசி அடித்தது. மனைவி. "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க! பால்! பாலு!" என்ற சத்தம் மேசைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

"உங்க வீட்டம்மாவுக்கு மைக்கே வேண்டாம் போல சார்," என்று மேலாளர் சிரித்தாள்.

"அவ தொண்டை அப்படிம்மா," என்று அவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்துவைத்தார்.

முதல் எபிசோடைக் கேட்டபோது வேடிக்கையாகத்தான் இருந்தது. "என் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் தேனா பேசுவாரு. வீட்டு வாசப்படி ஏறினா 'ம்' மட்டும்தான். அதுலயும் சின்ன 'ம்', பெரிய 'ம்'னு ரெண்டு தினுசு," என்றாள் அந்தப் பெண். சரியான கல்லுளிமங்கனாக இருப்பான் போல என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்றாவது எபிசோடில் சிரிப்பு நின்றுபோனது. அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த அன்று, கணவர் கால் மணி நேரம் கட்டிலருகே நின்று கைபேசியை நோண்டிவிட்டுப் போனாராம்.

அறிவிப்பாளரின் மனைவிக்கும் போன வருடம் ஆபரேஷன் நடந்தது. அவரும் கால் மணி நேரம்தான் இருந்தார். மறுநாள் நேரலையில் யாரோ ஒரு நேயரின் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பத்து நிமிடம் உருகி உருகி விசாரித்தார்.

பாட்காஸ்டில் வரும் கணவருக்கு மீசை இருந்தது, இரண்டு பையன்கள் இருந்தார்கள். இவருக்கு மீசையும் கிடையாது, ஒரே மகள். அடையாளம் தெரியாமல் இருக்க மாற்றியிருக்கிறாள், கெட்டிக்காரி என்று அவராகவே முடிவுகட்டினார்.

கழிவறைக்குப் போகும் வழியில், ஆளுக்கொரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு இரண்டு பயிற்சிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அய்யோ, அந்த 'ம்' புருஷனை என்னதான் பண்றது!" என்றாள் ஒருத்தி. அவரைக் கண்டதும் இருவரும் எழுந்து "வணக்கம் சார்" என்றார்கள்.

அவர் வாயில் 'ம்' என்று வந்தது. பாதியிலேயே விழுங்கிவிட்டு, சுவரோரமாக நடந்துபோனார். நேயர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மனிதரை இன்றைக்கு லட்சம் பிள்ளைகள் காறித் துப்புகிறார்கள். பொய் என்று மறுத்துவிடலாம் என்றால், அதில் ஒன்றுகூடப் பொய்யாக இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாலையில் வீட்டுக்குப் போனவர், சட்டையைக்கூட மாற்றாமல் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "பால் வாங்கினீங்களா? பால்!"

பால் பாக்கெட்டை நீட்டினார். "கொஞ்சம் உக்காரு. நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

"எதை?"

"நீ சொன்னது எல்லாத்தையும். ஒண்ணும் பொய் இல்லை. ஆஸ்பத்திரியில கால் மணி நேரத்துல கிளம்பினேனே, எனக்கு அன்னிக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மாதான் போயிட்டேன்."

அவள் பால் பாக்கெட்டைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை விஷயம் அவருக்குத் தொண்டை வரை வந்தது. இந்த நிலையில் அதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

"நீ சொல்லாம விட்டதையும் நானே சொல்லிடறேன்," என்றார். இருபத்தைந்து வருடம் மைக் முன்னால் தடுமாறாத குரல் தடுமாறியது. "நீ இங்கேருந்து கூப்பிடுவியே, ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவைன்னு... முதல் தடவையே காதுல விழும். திரும்பினா பேச்சு வளருமேன்னு பேசாம உக்காந்திருப்பேன். தப்புதான். நீ அதையெல்லாம் பாட்காஸ்ட்ல சொல்லி ஊரே சிரிக்குது, சிரிக்கட்டும். எனக்குக் கோபமே இல்லைம்மா."

"பாட்காஸ்டா? நானா? நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலைங்களே!"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, சத்தியமாக அது அவள் இல்லை.

அவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எத்தனையோ வருடங்களில் முதல்முறையாக, சத்தம் போடாமல் மெல்லிய குரலில் கேட்டாள்.

"அப்போ... உங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குதா?"