பல் தெரிந்தால் வியாபாரம்

"இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஆங், பல்லு நல்லாத் தெரியணும்!"

சொன்னவர் பல் டாக்டர் இல்லை, வியாபாரப் பயிற்சி ஆசிரியர். வாயைப் பிளந்துகொண்டு நின்றவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இன்னும் இருபத்திரண்டு சின்னக் கடைக்காரர்கள் அந்த மாடி அறையில் உட்கார்ந்து இலவசமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்படி உம்முன்னு இருந்தா எவன் சார் உங்க கடைப்படி ஏறுவான்? விளம்பரத்துக்கெல்லாம் காசைக் கொட்ட வேண்டாம். மூஞ்சிதான் போர்டு, சிரிப்புதான் விளம்பரம். எல்லாரும் நோட்ஸ்ல மூணாவது பக்கம் பாருங்க."

எல்லோரும் புரட்டினார்கள். பேக்கரிக்காரர் தாளைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்தார். தையல்கடை அம்மா வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். கண்ணாடிக்காரர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. வாயை இப்போது மூடலாமா கூடாதா என்று அவருக்கு ஒரே குழப்பம்.

பாவம், மனுஷன் ஆறு மாதமாகக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வருகிற ஒன்றிரண்டு பேரையும், "பார்வை நல்லாத்தான் இருக்கு, கண்ணாடி வேண்டாம், போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவைக்கிற ரகம் வேறு. மனைவி ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கப் போவதால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இந்த மாதத்துக்குள் கடை தேறாவிட்டால் இழுத்து மூடிவிட்டு மச்சினனின் கிடங்கில் மூட்டை எண்ணப் போக வேண்டியதுதான்.

மச்சினன் அவரைவிடப் பத்து வயது சின்னவன். போன வாரம் வந்தவன் காலாட்டிக்கொண்டே, "கவலைப்படாதீங்க மாமா, கேட் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன்" என்றான். அவருக்குச் சுருக்கென்றது. மனைவிக்கு அதைவிட.

"என் கூடப்பொறந்தவன்தான், இல்லேங்கல. அதுக்காக நீங்க அவன்கிட்ட கைகட்டி நிக்கறதை நான் பாக்கணுமா? என்னால ஆகாது" என்று அழுதாள். மறுநாளே இந்த வகுப்பைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவரைச் சேர்த்துவிட்டாள்.

அவரும் சிரத்தையாகத்தான் படித்தார். கடையில் இருக்கும் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று காலையில் நூறு தடவை, மாலையில் நூறு தடவை சிரித்தார். தாடை வலித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் பேக்கரிக்காரர் படியேறி வந்தார். நம்மவர் உடனே முப்பத்திரண்டையும் காட்டினார்.

"என்ன சார், பல்லு வலியா?"

"இல்லீங்களே! வாங்க வாங்க, என்ன வேணும்?"

"கண்ணை ஒரு தடவை பாத்துருங்க. நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப ரெண்டு மூணு நாளா என்னமோ மங்கலடிக்குது."

பார்த்தார். சாட்சாத் வெள்ளெழுத்து. ஐம்பது வயதில் வராமல் வேறு எப்போது வரும்? கண்ணாடி போட்டுக்கொண்ட பேக்கரிக்காரர், "அட, என் கை ரேகையே இப்பத்தான் தெரியுது!" என்று வாயெல்லாம் பல்லாகப் போனார்.

மறுநாள் தையல்கடை அம்மா. அதற்கு மறுநாள் சைக்கிள் கடைக்காரர், கூடவே தன் அண்ணனையும் இழுத்துக்கொண்டு வந்தார். வார முடிவில் கடைவாசலில் செருப்பு விட இடமில்லை. அந்தக் கூட்டத்திலும் நாலு பேரை, "உங்க கண்ணு கிண்ணுன்னு இருக்கு, சும்மா பயப்படாதீங்க" என்று திருப்பி அனுப்பினார். பிறவிக்குணத்தை என்ன செய்ய? ஆனால் சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

கடைசியில் ஆசிரியரே வந்துவிட்டார். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தவர், தன் நெஞ்சில் தானே தட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா என் பாடத்தோட மகிமையை?"

"உங்களை மறக்கவே மாட்டேன் சார்" என்று நம்மவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பிக்குப் போனைப் போடு. அந்த ஸ்டூல்ல அவனையே உக்காந்துக்கச் சொல்லு!"

"மத்தியானமே சொல்லிட்டேங்க. அப்பத்தான் எனக்குச் சோறே எறங்குச்சு."

"இன்னொண்ணு கேளு. திங்கக்கிழமை வாத்தியார் அடுத்த வகுப்பு ஆரம்பிக்கிறார். அறுபது பேராம்! நான்தான் சிறப்பு விருந்தாளி. மேடையில ஏறி, எப்படி ஜெயிச்சேன்னு சொல்லணுமாம்."

"என்னன்னு சொல்வீங்க?"

"இதென்ன கேள்வி? எல்லாம் சிரிப்புதான்! உனக்கு இந்த வியாபார நுணுக்கமெல்லாம் எங்க புரியப்போவுது?" என்று சொல்லிவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு தடவை சிரித்தும் காட்டினார்.

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்குவது அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"தாராளமாப் போய்ச் சிரிங்க. அந்த அறுபது பேருக்கும் நோட்ஸ் டைப் அடிச்சாச்சு, இந்தத் தடவை எழுத்தை இன்னுங்கொஞ்சம் பொடிசாக்கிட்டேன்."