அம்மன் பீடத்துக்கு அடியில்

கும்பாபிஷேகத்துக்காக அம்மனை வேறிடத்தில் வைத்துவிட்டு, தெல்தோட்டைக் கோயிலின் பழைய கர்ப்பக்கிரகத்தைத் தோண்டினார்கள். மாட்டெலும்பு வந்தது. கோயில் தலைவர் வைத்திலிங்கத்துக்கு ரத்தம் கொதித்தது.

"எல்லாம் தப்படிக்கிறவங்க வேலை. திருவிழாவுல உள்ள வந்து அடிக்கணும்னாங்க, முடியாதுன்னேன். அந்தக் கோவத்துல கொண்டாந்து பொதைச்சிருக்கானுங்க."

பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தொல்லியல்காரி புஷ்பராணி குழிக்குள் இறங்கி, ஓர் எலும்பைத் துடைத்துப் பார்த்தாள்.

"ஒரு பக்கம் வழுவழுன்னு தேஞ்சிருக்கு, ஐயா. மாட்டுத் தோல்ல மயிர் வழிக்கிறதுக்கு வச்சிருந்த எலும்பு. தப்புச் சட்டத்துக்கு அடிக்கிற தகடும் கெடக்கு. இங்க தப்பு செஞ்சிருக்காங்க."

"அதத்தானே நானும் சொல்றேன்! அவங்க வேலைதான்னு எழுதிக் குடுங்க, பொலிஸுக்குப் போறேன்."

"அவங்க வேலைதான். ஆனா பொதைக்கல."

"பின்ன?"

"எலும்புக்கு மேல இருக்கிற மண்ணு கலையவே இல்ல. அது மேலதான் உங்க பாட்டன் கட்டின மொதச் சுவரு நிக்குது. எலும்போட சேந்து ஒரு பழைய சூலமும் நட்டபடி இருக்கு, பாருங்க. இங்க மொதல்ல சாமிய வச்சுக் கும்பிட்டவங்களும் அவங்கதான்."

வைத்திலிங்கம் துருப்பிடித்த சூலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அவங்கள உள்ள விடணும்ங்கிறீங்களா?"

"நான் எங்க சொன்னேன், ஐயா? உங்க பாட்டனை உள்ள விட்டது அவங்க பாட்டன்னுதான் சொன்னேன்."