பதினெட்டு அங்குலம்

"வாக்கர் மட்டும் போதாது. சக்கர நாற்காலியும் ஒண்ணு எடுத்துடலாம்" என்றார் கணவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. மாடிப்படியில் வழுக்கி விழுந்து, வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, எட்டு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தவள். கட்டைப் பிரித்து மூன்று நாள்தான் ஆகிறது. பிடித்துக்கொண்டு நடக்க ஏதாவது வாங்கலாம் என்றுதான் இந்த மருத்துவச் சாமான் கடைக்கு வந்திருந்தார்கள்.

"டாக்டர் வாக்கர்னுதானே எழுதிக் கொடுத்தார்?"

"ஆமா."

"அப்புறம் நாற்காலி எதுக்கு? அப்படியே வேணும்னாலும் வாடகைக்கு எடுத்துட்டு, ரெண்டு மாசத்துல திருப்பிக் கொடுத்துடலாமே."

"இல்லம்மா, சொந்தமாவே இருக்கட்டும். இனிமே எப்பவும் வேணும்."

எப்பவும். அந்த ஒரு சொல்லை அவளால் விழுங்கவே முடியவில்லை.

கடைக்காரர் எதையும் கவனிக்காதவர் போல ஒரு வாக்கரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். கைப்பிடி அவள் மணிக்கட்டுக்கு நேராக வரும்படி நான்கு கால்களையும் இறக்கிப் பூட்டினார். "முதல்ல இதை நகர்த்துங்க. அடுத்து அடிபட்ட கால், அப்புறம் நல்ல கால். நிதானமா வாங்கம்மா, பஸ் ஒண்ணும் போயிடாது."

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஏழாவது அடியில் கால் வெடவெடவென்று நடுங்கியது. எட்டாவது அடியில் நின்றுவிட்டாள். இந்தக் கால்தான் இருபது வருடமாகத் தையல் மிஷினை மிதித்த கால். அது மறுபடி மிதிக்குமா என்பதுதான் எட்டு வாரமாக அவளைத் தூங்கவிடாத கேள்வி.

"எட்டு அடி வச்சுட்டேன், பார்த்தீங்களா?" என்று திரும்பினாள்.

அவர் மூலையில் கிடந்த ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்கிறேன், உங்களுக்கு சவாரி கேக்குதா?"

"உறுதியா இருக்கான்னு பார்த்தேன்" என்று கைப்பிடிகளை ஊன்றி எழுந்தார்.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. கடைசி மூன்று தடவையும் டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வரும்போது இவர் முகத்தில் ஈயாடாது. என்ன சொன்னார் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிடும்" என்று காதுமடலைத் தடவுவார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் பொய் சொல்லும்போதெல்லாம் கை தானாகக் காதுக்குப் போய்விடும்.

இன்று கேட்டுவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மறைக்காம சொல்லுங்க. என் கால் இனிமே தேறாதுன்னு சொல்லிட்டாரா?"

"சேச்சே! ரெண்டு மாசத்துல நீ எனக்கு முன்னாடி நடந்து போயிடுவே."

அவர் காதைத் தடவவில்லை. இரண்டு கையும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் தடவ முடியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு புது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். உறைகூடப் பிரிக்கவில்லை.

"சார் போன வாரம் சொல்லிவச்சது. நேத்துதான் வந்துச்சு. சீட்டு அகலம் பதினெட்டு அங்குலம்."

போன வாரமே! கட்டைப் பிரிப்பதற்கு முன்பே அவளை உட்காரவைத்துவிட முடிவு செய்தாகிவிட்டது. அழுகையை அடக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி சண்டை பிடிப்பதுதான்.

"பதினெட்டா? ஆளைப் பார்த்த மாத்திரத்துல இடுப்பளவு சொல்றவ நான். எனக்குப் பதினாறே தாராளம். கூடவே குடும்பம் நடத்துற மனுஷனுக்குப் பொண்டாட்டி அளவு தெரியலையே!"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு நிமிஷம் அந்த நாற்காலியையே பார்த்தாள். பிறகு அவள் குரலில் சண்டை இல்லை, எதுவுமே இல்லை. "மாத்திக் கொடுங்கய்யா. ஆயுசு முழுக்க அதுலதான்னு ஆயிடுச்சு, அளவாவது சரியா இருக்கட்டும்."

கடைக்காரர் சங்கடமாக நெளிந்தார். "அளவு தப்பாகாதேம்மா. இங்கேயே உட்காரவச்சு நானே டேப் பிடிச்சேன்."

"யாரை உட்காரவச்சு? நான் இந்தக் கடை வாசலை மிதிக்கிறதே இன்னைக்குத்தான்."

கடைக்காரர் மெல்ல அவள் கணவரைப் பார்த்தார்.

அவர் அவளிடம் வர ஓர் எட்டு எடுத்து வைத்தார். வழவழவென்ற தரையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் அவருடைய இடது செருப்பு இழுபட்டுக் கழன்றது. தடுமாறி, அந்தப் புது நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு, மெல்ல அதில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் இடம் விட்டு, தைத்துப் போட்ட சட்டை மாதிரி அது அவருக்குப் பொருந்தியது.

வாக்கரை விட்டுவிட்டால் விழுந்துவிடுவோம் என்பதால் மட்டும் அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுப் பேசினதெல்லாம் என் காலைப் பத்திம்மா."